ஒன்பது கனமீட்டர் கொங்கிரீட்டுக்கு நான் கொடுத்த விலை

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் உள்ளூராட்சி சபையில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஊரில் யாரும் அப்படி முழுதாகச் சொல்வதில்லை, ‘டீ.ஓ.’ என்றால்தான் தெரியும். சபை போடுகிற வீதி, வடிகான், மதகு, சந்தைக் கட்டடம் எதுவானாலும் முதலில் போய் அளந்து மதிப்பீடு எழுதுவது, வேலை நடக்கும்போது நின்று பார்ப்பது, முடிந்தபின் அளந்து பில்லுக்குக் கையெழுத்து வைப்பது, இடையில் சனத்தின் வீட்டுப் பிளான்களுக்கு இடம் பார்க்கப் போவது எல்லாம் ஒரே ஆளின் தலையில்தான். மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாத நேரத்தில் நடந்ததை எழுதுகிறேன். லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்ட கதை என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சதம் வாங்கவில்லை. அது விசாரணையில் எனக்குப் பெரிதாக உதவவும் இல்லை.

எங்கள் பக்கத்து மழையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கிழக்கில் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தலைகாட்டி நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்க்கும். நிதியாண்டு முடிவதோ டிசம்பர் 31. வருடத் தொடக்கத்தில் ஒதுக்கீடு வரப்போகிறது என்று பேச்சு அடிபடும், மதிப்பீடு கேட்பார்கள், அனுமதி வர ஆடி ஆவணி ஆகும், ஒப்பந்தம் எழுதிக் கையில் கிடைக்கப் புரட்டாதியும் போய்விடும். மாசி தொடங்கி வெயில் எரிக்கிற மாதங்களிலெல்லாம் நாங்கள் கடதாசியோடு அலைவோம். வாவி நிரம்பி ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கிற மாதத்தில் கொங்கிரீட் போடுவோம். 31ஆம் திகதிக்குள் பில் போகாவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். 2018 டிசம்பரில் என் கையில் பதினான்கு வேலை இருந்தது. ஒரு பைக். மழைக்கோட்டு ஒன்று, அதுவும் தோளில் கிழிந்தது.

அந்தப் பதினான்கில் ஒன்று வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்து ஒழுங்கை. 180 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 125 மில்லிமீட்டர் தடிப்பு, அதாவது அஞ்சு இஞ்சி. பெருக்கிப் பார்த்தால் 67.5 கனமீட்டர் கொங்கிரீட். ஒப்பந்தம் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு. சங்கத்திடம் மிக்சரும் இல்லை, மேசனும் இல்லை. வெளியே ஓர் ஆளைப் பிடித்து வேலையைக் கைமாற்றிவிட்டார்கள், அவரைத்தான் இனி வேலைகாரர் என்று சொல்கிறேன். இது எங்கேயும் நடப்பதுதான், கடதாசியில் சங்கத் தலைவரும் பொருளாளரும் மட்டும் இருப்பார்கள். டிசம்பர் மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மழை சற்று விட்டது. முதல் 30 மீட்டரை நான் நின்று ஊற்றுவித்தேன். அடியைச் சீவி, இடித்து, பொலித்தீன் விரித்து, பலகை லெவல் பார்த்து, கூம்பு வைத்து ஸ்லம்பும், அதாவது கலவையின் இளக்கமும், பார்த்தேன். நல்ல வேலை, இன்றைக்கும் அந்த 30 மீட்டரில் ஒரு கீறல் கிடையாது. மிச்சத்தைத் திங்கட்கிழமை ஊற்றலாம் என்றேன். வேலைகாரர் வானத்தைக் காட்டினார். “திங்கள் வரைக்கும் மழை பொறுக்காது சேர். இண்டைக்குப் பாத்தீங்கதானே, அதே மாதிரித்தான் ஊத்துவம். நீங்க நனைஞ்சு திரிய வேணாம்.” எனக்குச் சனிக்கிழமை வேறு இரண்டு இடத்தில் வேலை. சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டல் எந்தக் கடதாசியிலும் இல்லை. விசாரணையில் நானாகத்தான் சொன்னேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும், ஞாயிறு இரவு லைட் போட்டும், இரண்டு மிக்சர் வைத்து மிச்சம் 150 மீட்டரையும் ஊற்றி முடித்துவிட்டார்கள். அந்த ஒழுங்கையால் தினமும் உழவு மெசின் போகும். சில்லுப் போகிற தடம் இரண்டும் பதிந்து, நடுவில் மண் மாட்டு முதுகு மாதிரி உயர்ந்து கிடந்திருக்கிறது. நான் நின்ற 30 மீட்டரில் அதைச் சீவினார்கள். மிச்சத்தில் சீவவில்லை. இரண்டு பக்கமும் அஞ்சு இஞ்சிப் பலகை, மேலே மட்டப்பலகை வைத்து இழுத்தால் மேற்பரப்பு அழகாகத்தான் வரும். கரையில் 125 மில்லிமீட்டர் இருக்கும், நடுவில் 95தான் இருக்கும். திங்கட்கிழமை போய் நான் என்ன பார்த்தேன் என்கிறீர்கள்? நீளத்தை அளந்தேன், அகலத்தை மூன்று இடத்தில் அளந்தேன், பலகை கழற்றின கரையில் டேப்பை வைத்துத் தடிப்பை அளந்தேன். 125. திருப்தி. நடுவில் அளக்க வழி இல்லை, அது மூடியாகிவிட்டது.

இனி இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கச்சிகள் யாராவது வாசித்தால், நூல் இழுத்து அளப்பதைப் பற்றி நான் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும். கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன், ஒரு கரைப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து மறுகரைப் பலகையின் மேல் விளிம்புக்கு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூலிலிருந்து கீழே தரைவரை ஐந்து இடத்தில் அளவுங்கள்: இரண்டு கரை, நடு, இடையில் இரண்டு. ஐந்தையும் கொப்பியில் எழுதுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு தடவை செய்தால் 180 மீட்டருக்குப் பத்தொன்பது தடவை, முழுவதற்கும் ஒரு மணித்தியாலம் போதும். இதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. வேலைத்தலத்திலும் யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னவர் என்னை விசாரித்த அதிகாரி. அதுவும் சொல்லித்தருவதற்காகச் சொல்லவில்லை, “இதைக்கூடச் செய்யவில்லையா?” என்றுதான் கேட்டார்.

பில்லில் அளவைத் தாளை நிரப்பியதும் நான்தான். நீளம் 180, அகலம் 3.00, தடிப்பு 0.125. நீளமும் அகலமும் நான் அளந்தவை. தடிப்பை மதிப்பீட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன், கரையில் பார்த்ததும் அதற்குச் சரியாக இருந்ததால். 28ஆம் திகதி இரவு எட்டு மணிக்குக் கந்தோரில் இருந்து பதினோரு பில் எழுதிய நாள் அது. பிரதம இலிகிதர் பிளேன்டீயும் வடையும் வாங்கித் தந்தார். எல்லோரும் நல்ல சந்தோஷத்தில் இருந்தோம்.

மாசி, பங்குனியில் பெரும்போக நெல் வெட்டி மெசின் பெட்டிகள் பாரத்தோடு அந்த ஒழுங்கையால் போகத் தொடங்கின. நடுவால் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. முதலில் மயிர் மாதிரி, பிறகு பேனா நுழைகிற அளவு. யாரோ கடிதம் போட்டார்கள். 2019 நடுவில் கணக்காய்வுக்காரர் வந்து ஐந்து இடத்தில் துளைத்துப் பார்த்தார்கள். கரையில் 125, 120. நடுவில் 95, 90, 100. அதோடு எதிர்வீட்டுப் பையன் ஒருவன் ஞாயிறு இரவு வேலையைப் போனில் படம் எடுத்து, கட்டாரில் இருக்கும் அண்ணனுக்கு ‘எங்கட ரோட்டு’ என்று அனுப்பியிருக்கிறான். பாவம், சந்தோஷத்தில் எடுத்த படம்தான். லைட் வெளிச்சத்தில் மண் முதுகு தெளிவாகத் தெரிந்தது. நான் எங்கும் தெரியவில்லை.

கணக்காய்வு ஐயவினா, அதாவது கணக்காய்வுக்காரர் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம், என் மேசைக்கு வந்த அன்றே பதில் எழுதினேன். அது இரண்டாவது பிழை. கோபமும் பயமும் ஒன்றாக இருந்தது. ‘மேற்படி வேலை எனக்குத் தெரியாமல் விடுமுறை தினங்களில் செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். என்னைக் காப்பாற்றும் என்று நினைத்து எழுதிய வரி அது. ஆறு மாதத்தின் பின் குற்றப்பத்திரம் வந்தபோது முதல் குற்றச்சாட்டே அந்த வரியிலிருந்துதான்: மேற்பார்வை செய்யாத வேலையை மேற்பார்வை செய்ததாக அத்தாட்சிப்படுத்தியமை. வேறு சாட்சியே தேவைப்படவில்லை. ஐயவினா வந்தால் தரப்பட்டிருக்கும் நாள் முழுவதையும் எடுங்கள். கோவையை வாங்கி ஒவ்வொரு தாளையும் பிரதி எடுங்கள். அனுபவமுள்ள ஓர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். ஒழுக்காற்று நடைமுறை, அரச உத்தியோகத்தருக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி, 48ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. விசாரணையில் நமக்காகப் பேச ஒருவரை அழைத்துப்போகலாம் என்பதும் அதில்தான் உண்டு. நான் அதை முதல் தடவை திறந்தது குற்றப்பத்திரம் கையில் கிடைத்த பிறகு.

மாகாணத்தின் பெரிய கந்தோர்கள் எல்லாம் திருகோணமலையில். நான்கு தடவை போனேன். விடிய பஸ் ஏறி, பத்து மணிக்கு வரச் சொன்னால் பன்னிரண்டு வரை வாங்கில் இருந்து, இருபது நிமிடம் கேள்வி, திரும்பி வீட்டுக்கு வர இரவாகிவிடும். ஒரு தடவை போனபின் அன்றைக்கு விசாரணை இல்லை என்றார்கள். 2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. விசாரணை நின்றால் நிம்மதி என்று நினைப்பீர்கள். தீர்ப்பு வராத ஒன்றரை வருடம் விசாரணையைவிட மோசம். புதிய வேலை ஒன்றுக்குப் போனால், மேசன்மார் தங்களுக்குள் பார்த்துக்கொள்வது தெரியும். ஊரில் ‘கமிஷன் அடிச்சவன்’ என்று கதை. அம்மாவிடம் எட்டு மாதம் சொல்லவில்லை. கோயில் திருவிழாவில் யாரோ கேட்டுத்தான் அவவுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, “நீ எடுத்தியா மனே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டா. இல்லை என்றேன். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அதைவிட ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். 150 மீட்டரில் சராசரியாக 20 மில்லிமீட்டர் குறைவு, அகலம் 3 மீட்டர், ஆக 9 கனமீட்டர். ஒப்பந்த விலை கனமீட்டருக்கு 20,000 ரூபா. கூடுதலாகக் கொடுத்த காசு 180,000. வேலைகாரரின் பெயர் எந்தக் கடதாசியிலும் இல்லாததால் அவரை யாரும் தொடவில்லை. சங்கத்தின் நிர்வாகம் மாறிவிட்டது. கணக்கில் கிடந்ததிலிருந்து 60,000 கட்டினார்கள். வேலையில் பிழை வந்தால் எடுக்கவென்று பில்லில் பிடித்துவைக்கும் தடுத்துவைப்புப் பணம் ஏற்கனவே விடுவிக்கப்பட்டிருந்தது, அதற்கும் என் கையெழுத்துத்தான். மிச்சம் 120,000இல் எனக்கு மேலே இருந்தவருக்கு 40,000, எனக்கு 80,000. மாதம் 5,000 வீதம் பதினாறு மாதம். அதோடு சம்பள ஏற்றம் ஒரு வருடம் பிற்போடப்பட்டது. பிடிக்கத் தொடங்கியது 2022 தையில். அந்த வருடம் எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனி முடிவில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதற்கும் இரண்டு நாள் வரிசை. வேலைத்தலம் பார்க்க சைக்கிளில் போனேன். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்தபின், பொதுப்பணத்துக்கு நட்டம் வந்தால் பொறுப்பானவரிடம் அறவிடுவது பற்றிய பேச்சு கந்தோர்களில் கூடியிருக்கிறது. முன்பு ‘பதில் எழுதினால் முடிந்துபோகும்’ என்று சொன்ன மூத்தவர்களின் ஆறுதலை நம்பி இருக்காதீர்கள்.

நூல் பிடிக்க முடியாமல் போய், வேலை நம் கண் மறைவில் நடந்துவிட்டால்? சீமெந்து பக்கற்றை எண்ணுங்கள். சீமெந்து ஒன்றுக்கு மணல் இரண்டு, கல் நான்கு என்ற கலவையில் ஒரு கனமீட்டருக்கு 50 கிலோ பக்கற் ஆறேகால், ஆறரை போகும். எங்கள் ஒழுங்கை அளவில், மூன்று மீட்டர் அகலம், 125 தடிப்பு என்றால், பத்து மீட்டருக்குக் கிட்டத்தட்ட 24 பக்கற். 180 மீட்டருக்கு 425 வர வேண்டும். விசாரணையில் சங்கத்தின் கொள்வனவுப் பில்களை விரித்து வைத்தபோது கூட்டுத்தொகை 370. அந்தப் பில்கள் நான் கையெழுத்து வைத்த அதே கோவையில், நான்கு தாள் தள்ளி இருந்தன. ஒரு கூட்டல், ஒரு வகுத்தல். செய்திருந்தால் 28ஆம் திகதி இரவே வடையை வைத்துவிட்டு எழும்பியிருப்பேன். இப்போது வேலைகாரரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: வெறும் பக்கற் ஒன்றும் எறியக்கூடாது, பத்துப் பத்தாகக் கட்டி ஓர் ஓரத்தில் வைக்க வேண்டும். சிலர் முகம் சுளிப்பார்கள். வேறு இடத்து வெறும் பக்கற்றைக் கொண்டுவந்து சேர்த்தவரும் உண்டு. மற்றவை மழையில் நனைந்திருக்க, சில பக்கற் மட்டும் நனையாமல் புதிதாக இருந்தால் தெரிந்துவிடும்.

படமும் எடுக்கிறேன், ஆனால் வேலைகாரர் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்றுக்கும் உதவாது. நூலும் டேப்பும் தெரிய, டேப்பின் இலக்கம் வாசிக்கக்கூடியதாக, பின்னால் அசையாத ஏதாவது ஒன்று தெரிய வேண்டும்: ஒரு கேட், மின்கம்பம், கோயில் மதில். இல்லாவிட்டால் எந்த ஒழுங்கை என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது. வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நம்பி இருக்காமல், போனில் எடுத்த மூலப்படத்தை அன்றிரவே வேறு எங்காவது சேமித்து வையுங்கள். வேலைத்தலத்தில் ஒரு கொப்பி வைத்து, போன நேரம், வந்த நேரம், பார்த்தது, சொன்னது எழுதி, அங்கே நிற்கிற பொறுப்பானவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். அந்தக் கொப்பியில் நான் போகாத நாளையும் எழுதுகிறேன். ‘இன்று வரவில்லை, ஊற்றக்கூடாது என்று தொலைபேசியில் சொன்னேன்’ என்று ஒரு வரி.

சரி, டிசம்பர் 31 நெருக்கினால் என்ன செய்வது? நான் அப்போது நினைத்தது, ஒன்று முழுப் பில்லுக்கும் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுத்து எல்லோரின் பகையையும் தேட வேண்டும் என்று. இடையில் ஒரு வழி இருந்தது. நான் பார்த்த 30 மீட்டருக்கு மட்டும் இடைக்காலப் பில் போட்டிருக்கலாம். மிச்சத்துக்கு, ‘இந்த 150 மீட்டர் என் முன்னிலையில் ஊற்றப்படவில்லை. நடுப்பகுதியில் மூன்று இடத்தில் துளைத்துத் தடிப்பைப் பார்த்த பின்னரே சிபாரிசு செய்ய முடியும்’ என்று மேலே ஒரு கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருக்கலாம். சங்கத்தார் ஏசியிருப்பார்கள். தவிசாளர் கூப்பிட்டுக் கதைத்திருப்பார். காசு திரும்பிப் போயும் இருக்கும். அந்தப் பழி ஒரு மாதம் இருந்திருக்கும். வாய்ச்சொல்லால் ‘நான் பாக்கல்ல சேர்’ என்று மேலதிகாரியிடம் சொல்லத்தான் செய்தேன். அவருக்கு அது ஞாபகம் இல்லை. பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவர் மேசையிலும் அன்றைக்கு நாற்பது கோவை கிடந்தது.

வீட்டு வேலைகளிலும் இதே கதைதான், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டி முடித்த வீடு பிளான்படி இருக்கிறது என்று கொடுக்கும் இணக்கச் சான்றிதழுக்கு வீடு பார்க்கப் போனால், மலசலக்குழியின் மேல் கொங்கிரீட் மூடி போட்டு அதற்கு மேல் பூக்கன்றும் வைத்திருப்பார்கள். கடற்பக்கத்து எழுவான்கரை மணலில் தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில், கிணறும் குழியும் ஒரே வளவுக்குள். 50 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னால், பிளானில் 50 அடிதான் இருக்கும். நிலத்தில் எத்தனை என்று மூடமுதல் பார்த்தால்தான் உண்டு. வீடு கட்டுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அத்திவாரம் கட்டி மண் நிரப்புவதற்கு முன்னும், குழியை மூடுவதற்கு முன்னும் நீங்களாகவே டீ.ஓ.வைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டும் வரவில்லை என்றால் டேப் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். சான்றிதழ் நேரத்தில் ஒரு மூடியை உடைக்கச் சொல்வது எனக்கும் பிடித்த வேலை இல்லை.

வேலைத்தலத்தில் தேத்தண்ணி குடிக்கலாமா என்று ஒரு புதிய பையன் போன மாதம் கேட்டான். தேத்தண்ணி குடி, சோறு வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான். சோறு சாப்பிட்டால் நித்திரை வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வேலைகாரர் வீட்டில் விரால் மீன் குழம்போடு சாப்பிட்டேன். அவர் தலையாட்டச் சொன்னபோது மறுத்துப் பேச வாய் வராததற்கு மழை மட்டும் காரணம் இல்லை.

கடைசி 5,000 ரூபா 2023 சித்திரைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தச் சம்பளத் தாளைக் கோவையில் வைத்திருக்கிறேன். ஒரு வருடத்துக்கு மட்டும் பிற்போட்ட சம்பள ஏற்றம் இன்னும் பழைய திகதிக்குத் திருத்தப்படவில்லை. எழுதிக் கேட்டால், கட்டளைக் கடிதத்தின் பிரதி தங்களிடம் இல்லை என்கிறார்கள். என்னிடம் இருக்கிறது. போன வாரம் அதன் பிரதியோடு மூன்றாவது நினைவூட்டலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டியிருக்கிறேன்.